விடியற்காலை வீணையும் வால்யூம் குமிழும்: அனலாக்கா, டிஜிட்டலா?

கும்பகோணத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. அடுத்த வீட்டில் குழந்தை இருமினால் எங்கள் கூடத்தில் கேட்கும். இப்படிப்பட்ட வீட்டில் விடியற்காலை 5 மணிக்கு எழுந்து வீணை கேட்பதை என் தந்தையார் பல ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருப்பதால், எங்கள் ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் குமிழ் பெரும்பாலான நாட்களில் தொடக்கப் புள்ளியைத் தாண்டி ஒரு நூலளவுதான் திரும்பியிருக்கும். கோளாறும் அந்த நூலளவில்தான் தொடங்கியது. முதலில் இடது ஸ்பீக்கர் மட்டும் பேசியது. குமிழை இன்னும் சற்றுத் திருப்பினால் கரகரவென்ற ஓசையோடு வலதும் சேர்ந்துகொண்டது, ஆனால் அதற்குள் ஒலி தெருவுக்கே எட்டும் அளவுக்கு ஏறிவிட்டது.

புதிய செட் ஒன்று வாங்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கியபோது, வால்யூம் அனலாக்காக, அதாவது மின்னழுத்தத்தையே குறைப்பதாக இருக்க வேண்டுமா, டிஜிட்டலாக, அதாவது இசையை எண்ணாக வைத்துக் குறைப்பதாக இருக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. டிஜிட்டல் வால்யூம் இசையின் நுணுக்கத்தை அரித்துவிடும் என்பது சங்கீதம் கேட்பவர்களிடையே பரவலாக உள்ள எண்ணம். அந்த எண்ணத்தில் எவ்வளவு உண்மை உண்டு என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே நாங்கள் முடிவெடுத்தோம். உரக்கக் கேட்பவருக்கு இரண்டில் எதை வாங்கினாலும் பெரிய வேறுபாடு தெரியாது. இரு முறைகளும் தம் குறையைக் காட்டுவது வால்யூமின் அடிமட்டத்தில்தான் என்பதால், எங்களைப் போல மெல்லக் கேட்பவர்களுக்கே இந்த ஒப்பீடு உண்மையில் தேவைப்படுகிறது.

நம் காது ஒலியைப் பெருக்கல் கணக்கில் உணர்கிறது. ஒலி இருமடங்கு கூடியதுபோல் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் ஏற வேண்டும், அதற்கு ஆம்ப்ளிஃபயர் 10 மடங்கு வாட் தர வேண்டும். எனவே குமிழுக்குள் இருக்கும் பொட்டன்ஷியோமீட்டர், அதாவது மெக்கானிக்குகள் ‘பாட்’ என்று சுருக்கிச் சொல்லும் உறுப்பு, பாதி தூரம் திருப்பும்போது பாதி மின்னழுத்தத்தைத் தராமல் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஏழில் ஒரு பங்கு வரை மட்டுமே தரும்படி செய்யப்படுகிறது. சாதாரண பாட் ஒன்றில் இந்த வளைவை உண்டாக்க, வெவ்வேறு தடையுள்ள கார்பன் பசைகளை ஒரே தடத்தில் அடுத்தடுத்துப் பூசி ஒட்டுகிறார்கள். ஸ்டீரியோ என்றால் இப்படி இரண்டு தடங்கள் ஒரே தண்டில் சுழல வேண்டும். நடுப்பகுதியில் இரண்டும் ஓரளவு ஒத்துப்போகும். அடிமட்டத்தில் பசையின் கனம் மயிரிழை மாறினாலும் இடதுக்கும் வலதுக்கும் 2 அல்லது 3 டெசிபல் வேறுபாடு வந்துவிடும். நடுவில் அமர்ந்திருக்க வேண்டிய தம்புரா ஒரு பக்கமாகச் சாய்ந்து கேட்பதற்கு அந்த 3 டெசிபல் போதும்.

எங்கள் பழைய ஆம்ப்ளிஃபயரை ஊரிலுள்ள மெக்கானிக் ஒருவர் மேசை விளக்கின் கீழ் பிரித்துக் காட்டினார். பாட் உறுப்பின் தகர மூடியை நெம்பி எடுத்ததும், குதிரைலாட வடிவத்தில் கரிய தடம் தெரிந்தது. அதன்மேல் உராய்ந்து நகரும் உலோக விரலின் நுனிகள் பழுப்பேறியிருந்தன. தடத்தின் முதல் எட்டில் ஒரு பகுதியில் மட்டும் இரண்டு மெல்லிய பள்ளங்கள், அவற்றின் ஓரத்தில் வாரிக் குவித்ததுபோல் கரித்தூள். மற்ற பகுதி முழுவதும் கடையில் வாங்கிய நாளில் இருந்ததுபோலவே பளபளத்தது. அப்பா இத்தனை ஆண்டுகளாக எந்த அளவில் இசை கேட்டிருக்கிறார் என்பதை அந்தத் தடம் எழுதி வைத்திருந்தது. கான்டாக்ட் கிளீனர் தெளித்தால் தூள் போகும், கரகரப்பும் சில மாதங்கள் அடங்கும். பள்ளம் நிரம்பாது என்று அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

டெல்டாவின் வானிலையையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் துணியே நாள்கணக்கில் உலராது. அந்த ஈரம் பாட் உறுப்பின் உலோக விரலையும் விட்டுவைப்பதில்லை. சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றும் நாட்களில் தூசி வேறு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்றின் உப்பு பட்டுப் பித்தளை முனைகளில் பச்சை படிவதைப் பார்த்திருக்கிறேன். மூடிய அமைப்புள்ள உயர்தர பாட் வகைகள் இவற்றை நெடுநாள் தாங்கும் என்றாலும், நகரும் உலோகம் ஒன்று இருக்கும்வரை தேய்மானமும் இருக்கும்.

பாட் ஒன்றை மட்டும் ஒரு பெட்டியில் போட்டு, பவர் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் வைக்கும் பாசிவ் முறையைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பாதி மின்னழுத்த நிலையில் ஒரு பாட் உறுப்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது வெளியே காட்டும் மின்தடை, அதன் மொத்த மதிப்பில் கால் பங்காகும். 100 கிலோஓம் பாட் என்றால் 25 கிலோஓம். அதிலிருந்து மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம் கொண்ட ஒயரை 5 மீட்டர் இழுத்தால், மேல்சுருதி ஓசைகளில் 13 கிலோஹெர்ட்ஸை எட்டுவதற்குள்ளேயே ஒலி 3 டெசிபல் இறங்கிவிடும். 10 கிலோஓம் பாட் ஒன்றும் குட்டையான ஒயரும் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

இனி டிஜிட்டல். இங்கே குமிழ் இருந்தாலும் அதற்குள் இசை செல்வதில்லை. இசையின் ஒவ்வொரு மாதிரியும் ஓர் எண். வால்யூமைக் குறைத்தால் அந்த எண்ணை ஒன்றுக்குக் குறைவான ஒரு பின்னத்தால் பெருக்குகிறார்கள், அவ்வளவுதான். பெருக்கல் இடதுக்கும் வலதுக்கும் ஒன்றே என்பதால் சாய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை; ஆண்டுகள் போனாலும், அடைமழை பெய்தாலும், அந்தப் பெருக்கல் மாறாது. குறை எங்கே வருகிறது என்றால், ஒவ்வொரு 6 டெசிபல் குறைப்புக்கும் எண்ணின் கடைசி பிட், அதாவது இரும இலக்கம், ஒன்று கீழே தள்ளப்படுகிறது. 1982-ல் வெளிவந்த சிடியின் 16 பிட், ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சைத் தருகிறது. வால்யூமை 42 டெசிபல் குறைத்த பிறகு விடையை மறுபடியும் 16 பிட்டுக்குள்ளேயே வெட்டிப் போட்டால், மிஞ்சுவது 9 பிட், அதாவது 54 டெசிபல் மட்டுமே.

இது காதில் எப்படிக் கேட்கும் என்பதை வீணையில்தான் தெளிவாக அறியலாம். மந்தரத் தந்தியை ஒருமுறை மீட்டி, கமகத்தை முடித்து விரலை அசையாமல் வைத்திருக்கும்போது, நாதம் மெல்ல மெல்லத் தேய்ந்து சில விநாடிகளுக்குப் பின் மறைகிறது. நல்ல அமைப்பில் அது எப்போது முடிந்தது என்றே தெரியாது. 16 பிட்டுக்குள் வெட்டப்பட்ட ஒலியில், அந்தத் தேய்வின் கடைசிப் பகுதி வழுவழுப்பை இழந்து மணல்போல் சொரசொரக்கிறது, பிறகு சட்டென்று அறுபடுகிறது. பழைய கணினி நிரல்களிலும் மலிவான ப்ளூடூத் பெட்டிகளிலும் இதைக் கேட்டவர்கள் டிஜிட்டல் வால்யூமே வேண்டாம் என்று ஒதுக்கியதில் வியப்பில்லை. அவர்கள் கேட்டது உண்மையான கோளாறு.

ஆனால் இன்றைய நல்ல கருவிகள் இந்தப் பெருக்கலை 24 அல்லது 32 பிட் எண்களில் செய்கின்றன. 24 பிட்டில் 7 பிட் இறங்கினாலும் 17 பிட் மிஞ்சும். சிடியின் 16-ம் அதற்குள் முழுதாக அடங்கிவிடும். வெட்டுவதற்கு முன் டிதர் எனப்படும் மிக மெல்லிய இரைச்சலைக் கலந்துவிட்டால், சொரசொரப்பாக வர வேண்டிய பிழை சீரான, கவனத்தில் படாத இரைச்சலாக மாறிவிடுகிறது. இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. நாகசுர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அவர்களின் தோடி போன்ற இசைத்தட்டுக் காலத்துப் பதிவுகளில், தட்டின் இரைச்சலே டிதரின் வேலையைச் செய்துவிடுகிறது. அந்தப் பதிவுகளை மட்டும் கேட்பவர் பிட்டுகளைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை.

எண்கள் போதும் என்றால் மீதமிருப்பது டாக்கின் இரைச்சல், அதாவது எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் சில்லின் சொந்த இரைச்சல். டிஜிட்டல் வால்யூமைக் குறைக்கும்போது இசை இறங்குகிறது, இந்த இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அனலாக் வால்யூம் டாக்குக்குப் பின்னால் இருப்பதால் இசையையும் டாக்கின் இரைச்சலையும் சேர்த்தே இறக்குகிறது. கொள்கை அளவில் அனலாக் பக்கம் இருக்கும் உண்மையான வலிமை இதுதான். அது காதுக்கு எட்டுமா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

எங்கள் ஸ்பீக்கரின் உணர்திறன் 1 வாட்டுக்கு, 1 மீட்டர் தூரத்தில், 87 டெசிபல். 8 ஓம் ஸ்பீக்கரில் 1 வாட் என்பது 2.83 வோல்ட். ஆம்ப்ளிஃபயர் வந்ததை 20 மடங்காகப் பெருக்குகிறது, அது 26 டெசிபல். டாக்கின் முழு வெளியீடு வழக்கம்போல் 2 வோல்ட். அந்த 2 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் 40 வோல்ட், 200 வாட், 110 டெசிபல் என்று கணக்கு போகும். எங்கள் 50 வாட் ஆம்ப்ளிஃபயர் 104-லேயே திணறிவிடும். அப்பாவின் விடியற்காலை வீணைக்கு உச்ச ஒலி 67 டெசிபல் போதும், சராசரி 50-ஐ ஒட்டி இருக்கும். ஆகவே முழு அளவிலிருந்து 43 டெசிபல் இறக்க வேண்டும். டாக்கின் இரைச்சல் முழு அளவுக்கு 115 டெசிபல் கீழே இருக்குமானால், ஸ்பீக்கரின் அருகே அது சுழியத்துக்கும் 5 டெசிபல் கீழே விழுகிறது. மின்விசிறி ஓடும் அறையில் அதைக் கேட்க எந்தக் காதாலும் முடியாது. 95 டெசிபல் மட்டுமே தரும் சுமாரான டாக் என்றால் 15 டெசிபல். அதுவும் மறைந்தே போகும். ஆனால் 100 டெசிபல் உணர்திறன் கொண்ட ஹார்ன் ஸ்பீக்கரில் அதே டாக் 28 டெசிபல் இரைச்சலைத் தரும். நள்ளிரவில் விசிறியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தால் அது கேட்கும். அங்கே அனலாக் குறைப்பு தேவைதான்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. நாங்கள் அனலாக்கா, டிஜிட்டலா என்று மல்லாடிக்கொண்டிருந்த இடத்துக்கு முன்னாலேயே கோளாறு இருக்கிறது. 50 வாட்டுக்கு 1 வோல்ட் போதுமான ஆம்ப்ளிஃபயருக்கு 2 வோல்ட் கொடுத்து, பிறகு 43 டெசிபல் குறைக்கிறோம். தேவைக்கு மிஞ்சிய பெருக்கம்தான் பாட் உறுப்பை அதன் மோசமான அடிமட்டத்துக்குத் தள்ளுகிறது. டிஜிட்டலை அதன் கடைசி பிட்டுகளுக்கு விரட்டுவதும் அதுவே. டாக்குக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள், 9.1 கிலோஓம் ஒன்று, 1 கிலோஓம் ஒன்று, சாலிடர் செய்து வைத்தால் ஒலி 20 டெசிபல் நிலையாக இறங்கும். அப்போது விடியற்காலை அளவு டிஜிட்டலில் 23 டெசிபல் குறைப்பாக மாறிவிடும்; டாக்கின் இரைச்சலும் சேர்ந்து 20 டெசிபல் இறங்கும். பாட் உள்ள ஆம்ப்ளிஃபயர் என்றாலும் இதே இரண்டு ரெசிஸ்டர்கள் குமிழைத் தேய்ந்த முனையிலிருந்து நடுப்பகுதிக்கு நகர்த்திவிடும். தவிலை முழு வீச்சில் கேட்க விரும்புகிறவர்கள் 2.2 கிலோஓமும் 1 கிலோஓமும் போட்டு 10 டெசிபலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

டிஜிட்டலில் நாங்கள் உண்மையில் பட்டுக்கொண்ட அடி வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாளில் கரண்ட் போய் வந்தது. கணினிப் பெட்டி தானாக மீண்டும் தொடங்கியபோது வால்யூம் முந்தைய அளவை மறந்து முழு அளவுக்குப் போயிருந்தது. பாட்டு ஒலிக்கத் தொடங்கிய ஒரு விநாடியில் வலது ஸ்பீக்கரில் மேல்சுருதி ஓசைகளைத் தரும் ட்வீட்டர் எரிந்துபோனது. கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா பதறி எழுந்தார். பாட் உள்ள ஆம்ப்ளிஃபயருக்கு இந்த ஆபத்து இல்லை, ஏனென்றால் குமிழ் கரண்ட் போனாலும் வைத்த இடத்திலேயே நிற்கும். டெல்டாவில் மழைக்காலத்து மின்வெட்டை யாரும் மறுக்க முடியாது என்பதால், டிஜிட்டலை எடுப்பவர்கள் இதற்கு வழி செய்தே ஆக வேண்டும். மேலே சொன்ன 20 டெசிபல் ரெசிஸ்டர்கள் இதற்கும் காவலாகின்றன: முழு வால்யூமிலும் 2 வாட்டுக்கு மேல், 90 டெசிபலுக்கு மேல், ஒலி போகாது.

இரண்டுக்கும் இடைப்பட்ட வழியும் உண்டு. கட்டளை டிஜிட்டலாகவும், குறைப்பு அனலாக் ரெசிஸ்டர்களிலும் நடக்கும் முறை அது. ஒரே சில்லுக்குள் ரெசிஸ்டர் ஏணியை அடக்கிய பிஜிஏ2311 போன்றவை, +31.5 டெசிபலிலிருந்து −95.5 டெசிபல் வரை அரை அரை டெசிபலாக நகர்கின்றன. இரு பக்கமும் ஒத்துப்போகின்றன. தேய உறுப்பு எதுவும் இல்லை. மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளான ரிலேக்களைக் கொண்டு தனித்தனி ரெசிஸ்டர்களை மாற்றும் முறை இன்னும் தூய்மையானது, விலையும் கூடுதல். ஒவ்வொரு அடிக்கும் பெட்டிக்குள் டிக் டிக் என்று கேட்கும். ஒலித் தரத்தை மட்டும் பார்த்தால் என் ஓட்டு இந்த இடைவழிக்கே. தயக்கம் பழுதுபார்ப்பில் வருகிறது. சாதாரண கார்பன் பாட் சில பத்து ரூபாய்க்குத் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ கிடைக்கும், யாரும் மாற்றிவிடலாம். பரப்பில் ஒட்டிய சில்லு போய்விட்டால் சென்னை ரிச்சி தெருவில் தேட வேண்டும், அதைச் சாலிடர் செய்யத் தெரிந்த கையையும் தேட வேண்டும்.

மெல்லக் கேட்பவருக்கு டிஜிட்டல் தரும் ஒரு நன்மையைப் பலரும் கவனிப்பதில்லை. ஒலி குறையக் குறைய நம் காது கீழ்ச்சுருதி ஓசைகளை மிக வேகமாக இழக்கிறது. ஃபிளெட்சரும் மன்சனும் 1933-ல் அளந்து வெளியிட்ட வளைவுகள் இதைக் காட்டின. நாகசுரக் கச்சேரியை 50 டெசிபலில் கேட்டால் தவிலின் வலது முகமான வலந்தலையின் விரலடி மட்டும் டக்டக்கென்று கேட்கும், இடது முகமான தொப்பியில் விழும் கோலின் கும்மென்ற நாதம் காணாமல் போகும். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் இதற்காக லவுட்னஸ் பொத்தான் இருந்தது. அது பாட் தடத்தின் ஒரு புள்ளியில் கோத்த தோராயமான திருத்தம். டிஜிட்டலில் ஒவ்வொரு வால்யூம் அளவுக்கும் ஏற்ற திருத்தத்தைத் துல்லியமாகச் செய்ய முடியும். விடியற்காலையில் தவிலின் தொப்பி திரும்பக் கிடைத்ததைக் கேட்ட அப்பா, தலையை அசைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் அமர்ந்திருந்தார்.

கேசட், வானொலி, இசைத்தட்டு ஆகியவற்றை மட்டும் கேட்பவர் டிஜிட்டலைத் தேடிப் போக வேண்டியதில்லை. அந்த ஒலியை முதலில் எண்ணாக மாற்றி, பிறகு பெருக்கி, மறுபடி மின்னழுத்தமாக்குவது வீண் சுற்று. மறுபுறம், இன்று விற்கும் ஹோம் தியேட்டர் ரிசீவர்களிலும் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அடங்கிய பல ஆக்டிவ் ஸ்பீக்கர்களிலும், அனலாக் துளையில் செருகினாலும் ஒலி உள்ளே எண்ணாக மாறிவிடுகிறது. முகப்பில் இருக்கும் அழகான குமிழைப் பார்த்து அனலாக் என்று நம்பி அதிக விலை கொடுப்பது பொருத்தமில்லை. குமிழை விரலால் சுற்றிப் பாருங்கள். முட்டி நிற்கும் எல்லை இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால், அது எண்ணைச் சொல்லும் குமிழ்தான். பார்வை மங்கிய முதியவர்களுக்கு முட்டி நிற்கும் குமிழே வசதி என்பதையும் இங்கே கருத வேண்டும்; இருட்டில் தடவிப் பார்த்தே அளவை அறிந்துகொள்வார்கள்.

கடையில் சோதித்துப் பார்க்க மூன்று காரியங்கள் செய்தோம். செய்தி வாசிக்கும் தனிக்குரலை மிகக் குறைந்த வால்யூமில் ஓடவிட்டு, குரல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் நிற்கிறதா என்று கேட்டோம். அடுத்து ஒரு வீணைப் பதிவில் மந்தரத் தந்தி தேய்ந்து மறையும் இடத்தை, ஸ்பீக்கரின் அருகே காதை வைத்துக் கேட்டோம். கடைசியாக, ஓடிக்கொண்டிருந்த கருவியின் பிளக்கைப் பிடுங்கிச் சில விநாடிகள் கழித்துச் செருகி, எந்த வால்யூமில் எழுகிறது என்று பார்த்தோம். முதல் இரண்டில் தேறிய ஒரு கருவி மூன்றாவதில் தோற்றது. அதை அங்கேயே விட்டு வந்தோம்.

இப்போது கேசட்டும் வானொலியும் இணைந்த பழைய ஆம்ப்ளிஃபயருக்குப் புது பாட் போட்டு, அதைப் பின்கட்டு அறைக்குக் கொண்டுபோய்விட்டோம். கூடத்தில் 32 பிட் டிஜிட்டல் வால்யூம் உள்ள டாக், 9.1-ம் 1-ம் கிலோஓம் ரெசிஸ்டர்கள், மேலே கணக்கில் வந்த 50 வாட் ஆம்ப்ளிஃபயர், ட்வீட்டர் மாற்றிய அதே ஸ்பீக்கர்கள். கரண்ட் போய் வந்தால் −40-ல் எழும்படி அமைத்திருக்கிறோம். விடியற்காலையில் அப்பா ரிமோட்டில் −23 வரை ஏற்றிக்கொள்கிறார், தம்புரா நடுவில் நிற்கிறது, அடுத்த வீட்டுக் குழந்தை விழிப்பதில்லை.